யாரும் சொல்லாத நான்காவது பத்து

அம்மா போய்ச் சில மாதங்கள் கழித்து, நான் இருக்கிறேனா என்பதில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இதில் தத்துவம் எதுவும் இல்லை. தி. நகரில் ஒரு துணிக்கடையின் தானியங்கிக் கண்ணாடிக் கதவுதான் கிளப்பிவிட்டது. போய் நின்றேன், திறக்கவில்லை. சற்றுப் பின்வாங்கி, தேர்தல் வேட்பாளரைப் போலக் கையை ஆட்டிப் பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த குடும்பத்துக்கு உடனே திறந்தது. அவர்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்து, அடையாறில் ஒரு ஓட்டல். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வர் வந்து மேசையைத் துடைத்தார், என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை அணைத்தார், போய்விட்டார். தட்டில் பாதி தோசை இருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று வந்தது, குரல் வரவில்லை.

பேய்க் கதைகள் நிறையப் படித்தவன் நான். தான் பேய் என்பது பேய்க்குக் கடைசியில்தான் தெரியும் என்பது அவற்றில் ஒரு விதி. அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தேன். ஆள் இருந்தான். ஆனால் அதை உறுதிப்படுத்த இரண்டாவது சாட்சி கிடையாது.

தனிமை என்று சொன்னால் படிப்பவர்கள் பரிதாபப்படுவார்கள். வேண்டாம். சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அதை நானே பார்த்துப் பார்த்துக் கட்டினேன். வேலை கணினி வழியாக வந்து கணினி வழியாகவே போனது. அம்மாவின் சோபாவை விற்றுவிட்டு ஒற்றை நாற்காலி வைத்துக்கொண்டேன். உட்கார இடமிருந்தால் மனிதர்கள் வருவார்கள், வந்தால் காபி கேட்பார்கள். கடவுள்மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. அவருடைய ஆட்களோடுதான் ஒத்துப்போகவில்லை.

அந்த ஆட்களை எங்கள் மாதா கோயில் பங்கில் அன்பியம் என்பார்கள். தெருவுக்கு நாலைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு. அக்டோபர் செபமாலை மாதம். மாலையானால் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் செபிப்பார்கள். செபமாலையின் ஐம்பது மணிகளை ஐந்து பத்துகளாகப் பிரித்து, எங்கள் அன்பியத்தின் ஐந்து வீடுகளும் ஆளுக்கொரு பத்து சொல்வது வழக்கம். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொல்வார்கள். நான்காவது பத்து அம்மாவுடையது.

அந்த அக்டோபரில் அவர்கள் எங்கள் வீட்டு முறைக்கு வந்தபோது நான் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டினார்கள். நான் இல்லை. மறுபடி தட்டினார்கள். மறுபடியும் இல்லை. இல்லாமலிருப்பதில் அதற்குள் நல்ல தேர்ச்சி வந்திருந்தது. சரி, போய்விடுவார்கள் என்று பார்த்தால், கதவுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்திலேயே நின்று ஆரம்பித்துவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. தெருவுக்கே கரண்ட் போனது. முதல் பத்து, இரண்டாவது, மூன்றாவது. அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது.

மழைக்குப் பயந்து கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன். காலடிச் சத்தமும் இல்லை, இருமலும் இல்லை. மெழுகுவத்தி வாங்கிவரலாம் என்று கதவைத் திறந்தேன்.

எல்லோரும் இருந்தார்கள். இருட்டில், என் கதவைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. அதன் வெளிச்சத்தில் மாதாவின் முகமும் நாலைந்து தாடைகளும் மட்டும் தெரிந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

"இன்னா நைனா, உயிரோடதான் கீறியா?" என்றது ஒரு தாடை. பின்தெருக் குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள். அம்மாவின் சிநேகிதி.

"ஏன் எல்லாரும் சும்மா நிக்கறீங்க?" என்று கேட்க நினைத்தேன். பாதிதான் வெளியே வந்தது.

"நாலாவது பத்து உங்கம்மாவுது. வூடு தொறக்கலன்னு வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களா? அவங்க சொல்ற நேரத்துக்கு நின்னுட்டு அப்பாலதான் அடுத்தது. தெனமும் அப்டித்தான்."

"தினமுமா?"

"எல்லா வீட்டுலயும்தான் தம்பி," என்றார் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "உள்ள வரலாமா? சுரூபம் கனக்குது."

வந்தார்கள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒற்றை நாற்காலியில் மாதாவை வைத்தார்கள். வீட்டில் அதற்குத் தகுதியான ஒரே ஆள் அவர்தான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் செபத்தை நான் மறந்துவிடவில்லை. அம்மாவுக்குப் பிறகும் சில நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதல் பாதியையும் நானே, மறு பாதியையும் நானே, தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்பவன் மாதிரி. இப்போது "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். துருப்பிடித்த ஏதோ ஒன்று கரகரத்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். இருட்டிலிருந்து மறு பாதி வந்து அதைத் தாங்கிக்கொண்டது. அடுத்த முறை குரல் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்த உற்சாகத்தில் பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

"போதும் தம்பி. மாதாவுக்கு ஒரு தடவையிலேயே காது கேக்கும்," என்றார் தலைமையாசிரியை.

ஐந்தாவது பத்துக்காகக் காத்திருந்தேன். யாரும் தொடங்கவில்லை. மறுபடி அதே மௌனம், இந்த முறை என் வீட்டுக்குள். கதவுக்கு உள்ளே இருந்தபோது அதை வெறும் சத்தமில்லாமை என்று நினைத்திருந்தேன். அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இல்லாத ஒரு குரலை, அடுத்த நொடியே வரப்போகிறது என்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது பத்து கால்வாயோரம் இருந்த ஒரு ஆட்டோக்காரர் குடும்பத்துடையது. வீடுகளை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்கு அடுத்து மாதா அங்கேதான் போயாக வேண்டும்.

"அம்மாந் தூரம் பஸ்ல மாதாவ யார் தூக்கிக்கினு போறது?" என்றார் மீன்கார அம்மாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீழே என் கார் நிற்கிறது. ஐந்து பேர் உட்காரலாம். அதுவரை ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மாலை போனோம். முன் சீட்டில் மாதா, சீட் பெல்ட்டோடு. பின் சீட்டில் அன்பியம். போகிற வழியெல்லாம் எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தார்கள். இருட்டத் தொடங்கியபோது அந்தக் குடியிருப்பை அடைந்தோம். ஒரே அளவு, ஒரே நிறக் கட்டடங்கள் வானம் மறைகிற வரை நின்றன. லிஃப்ட் ஓடவில்லை. சுரூபத்தை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே நீண்ட நடைவழி, விளக்கில்லை, இரு புறமும் ஒரே மாதிரி மூடிய கதவுகள். ஆட்டோக்காரரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"ஒருவாட்டி வந்துகீறேன். இந்த வரிசதான். கதவுதான் தெரில," என்றார் மீன்கார அம்மாள்.

"ஒவ்வொண்ணாத் தட்டலாமா?"

"இன்னாத்துக்கு? உன் பத்த ஆரம்பி நைனா. சத்தமா. நம்ம ஆளா இருந்தா வாய் சும்மா இருக்காது."

"அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

"நெனைக்கட்டும். ஆரம்பி."

யாரும் இல்லாத இருட்டைப் பார்த்து, இடுப்பில் மாதாவை வைத்துக்கொண்டு, உரக்கத் தொடங்கினேன். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். எங்களில் யாரும் பதில் சொல்லக் கூடாது என்று அந்த அம்மாள் கையைக் காட்டினார். என் குரல் கதவு கதவாகப் போய் நடைவழியின் கோடியில் எங்கோ தொலைந்தது. ஒரு கதவும் அசையவில்லை. எங்கோ தொட்டித் தண்ணீர் வழிகிற சத்தம். இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை எனக்காகச் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் இல்லாமல் போவது நானில்லை, உள்ளே இருப்பவர்கள் என்று எப்படியோ புரிந்திருந்தது.

நடைவழியின் கோடியில், மூடிய ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து, ஒரு பெண்குரல் மறு பாதியைச் சொன்னது. தாழ்ப்பாளைத் தேடுகிற சத்தமும் கூடவே கேட்டது. சொல்வதை நிறுத்தாமல் அந்தப் பக்கமாக நடந்தேன்.