பெட்டிக்குத் தெரிந்த பதினொரு நாள்

போன வெள்ளிக்கிழமை காலை வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய நேரம் யோகராசா அண்ணனின் மகள் அழைத்தாள். "மிஸ், அப்பா எழும்பல்ல" என்றாள். நான் அப்படியே றோட்டைக் கடந்து, மட்டக்களப்புக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அமிர்தகழியில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒழுங்கை முகப்பில் பதாகை கட்டிவிட்டார்கள். 'விஞ்ஞானி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அதை வாசித்திருக்கவே மாட்டார். கிட்டப்போய் விரலால் தேய்த்துப் பார்த்து, இந்த மை வெயிலுக்கு எத்தனை நாள் நிற்கும் என்று கட்டினவர்களைப் பிடித்துக் கேட்டிருப்பார். ஊரில் அவருக்குப் 'பெட்டி யோகன்' என்றுதான் பெயர். விசிறி இல்லாத, ஓட்டை இல்லாத, உப்புக்காற்றுக்கும் உமித்தூசிக்கும் அசையாத கணினிகளைச் செய்தவர். இதை வாசிக்கிற உங்களில் சிலருடைய அரிசி ஆலையில் அவருடைய பெட்டி ஒன்று இன்றைக்கும் சுவரில் சூடாகக் கிடக்கும்.

அவற்றில் ஒரேயொரு பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தப் பெட்டியிடம் ஒரு பெண் தன் கணவனைப் பற்றி விசாரித்தாள்.

சுனாமி வந்து சில மாதங்களுக்குப் பிறகுதான் அவரை எனக்குத் தெரியும். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். ஒரு நாள் பத்திரிகைத் தாளில் எதையோ சுற்றிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். விரித்தால், கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி. இதழெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"மிஸ், கடல் வந்து செத்த கொம்பியூட்டர் எல்லாம் திறந்து பாத்திட்டன். அது விளங்குது. இது கடலுக்குப் பிறகு வந்த புதுசு. ஒரு சொட்டுத் தண்ணி படல்ல. மூணு மாசத்தில செத்துப்போச்சு. ஏன்?"

நான் சொல்வதற்குள் அவரே பதிலையும் சொன்னார். சூட்டை வெளியே தள்ளுவதற்காக விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு உப்பும் மணலும் வருகின்றன. "செத்ததுக்குக் காரணமே இந்த வாசல்தான். வாசலை அடைச்சா என்ன?"

அடைத்தால் உள்ளேயே வெந்துவிடும் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சூட்டுக்கு வேற வழி காட்டுவம்" என்றார்.

அந்த வழியைக் காட்ட எங்களுக்கு ஒரு வருடத்துக்குக் கிட்டப் போனது. பெட்டியையே அலுமினியத்தில் தடிப்பாக வார்த்து, முதுகில் வரிவரியாகத் தகடுகள் வைத்து, சூடாகும் கணினிச் சிப்பை நேராகப் பெட்டியின் உள்சுவரோடு அழுத்திவிட்டால், பெட்டி முழுவதுமே சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும். கணக்குப் போடுவது என் வேலை. கையை வைத்துப் பார்ப்பது அவர் வேலை. "கணக்குச் சரி மிஸ், ஆனா கை சுடுதே" என்பார். காத்தான்குடியில் பானை வார்க்கும் ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், அவர்தான் பெட்டியை வார்த்தார். முதல் வார்ப்பு முழுக்கக் காற்றுக்குமிழி. "இதுக்குள்ள சோறு ஆக்குறண்டா செல்லுங்க, வடிவா ஆக்கலாம்" என்று அவர் எங்களைக் கேலி பண்ணினார். தகடுகளைப் படுக்க வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று எனக்கும் யோகண்ணனுக்கும் ஒரு கிழமை சண்டை. கடைசியில் அவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கீழே பிடித்தார். நிமிர்ந்த தகடுகளுக்கு நடுவே புகை விறுவிறென்று மேலே ஏறியது. கணக்கில் நான் வென்றேன், ஆனால் அவர்தான் அதிகம் சந்தோசப்பட்டார்.

முதல் பெட்டி வாகரைப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் ஐஸ் ஆலைக்குப் போனது. கணினிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. வெளியே கடல்; உள்ளே ஐஸ் உறைய வைக்கும் உப்புக்கரைசல் தொட்டி. குளிரின் அளவையும் வாயுவின் அழுத்தத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைத்து, அழுத்தம் கூடினால் மோட்டரை நிறுத்துவது பெட்டியின் வேலை. ஏற்கெனவே இரண்டு கணினிகள் அங்கே உயிரை விட்டிருந்தன. ஆலையை ஓட்டியவர் வேலாயுதம். நல்ல உயரம், குறைந்த பேச்சு. அவருடைய மனைவி மகேஸ்வரி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பெட்டியைச் சுவரில் பூட்டிவிட்டு வந்த மூன்றாம் நாளே அழைப்பு வந்தது. பெட்டி செத்துவிட்டதாம். ஓடிப்போனால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. விசிறி இல்லாததால் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் வேலாயுதம் அது செத்துவிட்டது என்று நினைத்து, மணிக்கொரு தரம் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார். "உசிருள்ள சாமான் எண்டா மூச்சு விடத்தானே வேணும்" என்றார் அவர். அதற்கு அடுத்த கிழமை உண்மையாகவே நின்றது. இந்த முறை மகேஸ்வரியின் கைங்கரியம். எல்லா வீட்டிலும் டீவிக்கும் றேடியோவுக்கும் போடுவதுபோல, பூவேலை செய்த துணியில் கரைக்கு மடிப்பு வைத்து ஒரு உறை தைத்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டார். சூடு வெளியேறும் தகடெல்லாம் துணிக்குள்ளே.

நான் வாய் திறப்பதற்குள் யோகண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணால் அடக்கினார். "வடிவான துணி தங்கச்சி. ஆனா இவனுக்கு வேர்க்குது. சட்டை வேணாம்" என்றார். திரும்பும் வழியில், "பிழை அவங்கட இல்ல மிஸ். இரிக்கிறன் எண்டு செல்லத் தெரியாத சாமானை நாமதானே செய்து குடுத்த" என்றார். பிறகு பெட்டியின் முகத்தில் ஒரு பொத்தானும் பச்சை விளக்கும் வைத்தார். பொத்தானை அமர்த்தினால் விளக்கு எரிந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இருக்கிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேலாயுதம் வயரைப் பிடுங்கவில்லை.

ஒரு வருடம் திறக்காமல் ஓட வேண்டும் என்பது யோகண்ணனின் ஆசை. அது முடிவதற்குள் அந்தப் பக்கம் சண்டை மூண்டுவிட்டது. பாதை அடைபட்டது. சனம் காட்டுவழியால் நடந்தும் கடலால் வள்ளத்திலும் தெற்கே வந்தது. மகேஸ்வரி இரண்டு பிள்ளைகளோடு வந்தார். வேலாயுதம் வரவில்லை.

வாழைச்சேனைப் பக்கம் உறவினர் வீட்டில் மகேஸ்வரியைப் போய்ப் பார்த்தோம். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு, "நீ பிள்ளையளோட போ, நான் நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் ஆலையில் நின்றாராம். குடும்பத்தைத் தேடி அன்றைக்கே பின்னால் வந்தபோது றோட்டில் செல் குண்டு விழுந்து செத்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரும் கண்ணால் கண்டதாக இல்லை. மாமியார், அந்த நாளையே திதியாக வைத்துக் காரியத்தை முடி என்று நெருக்கிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி மாட்டேன் என்று நின்றார்.

"அண்டைக்குத்தான் எண்டா, எங்களத் தேடி வந்துதான் செத்திரிக்கார் எண்டு அர்த்தம். நான் விட்டுட்டு வந்தபடியாத்தான் செத்தவர் எண்டு அர்த்தம்" என்றார். பிறகு யோகண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணன், உங்கட பெட்டி அங்கதானே இருந்த? அதுக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து யோகண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லை.

சனத்தைத் திரும்ப விட்டபோது நாங்களும் போனோம். எத்தனை இடத்தில் இறங்கி நடந்தோம், எத்தனை இடத்தில் பையைக் கொட்டிக் காட்டினோம் என்று அந்தப் பாதையில் போன எல்லோருக்கும் தெரியும். ஐஸ் ஆலையில் கூரைத் தகரம் இல்லை, செம்புக்குழாய் இல்லை, கதவு நிலைகூட இல்லை. பெட்டி மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. சுற்றிச் சிவப்புப் பட்டி கட்டி, மண்டையோட்டுப் பலகையும் தொங்கவிட்டிருந்தார்கள். வரிவரியாகத் தகடு, எங்கும் திறப்பு இல்லை, இரண்டு பக்கமும் வயர். குண்டு என்று நினைத்துக் கள்ளனும் தொடவில்லை, மிதிவெடி எடுப்பவர்களும் கடைசிக்கென்று விட்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்கள இளைஞர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். யோகண்ணனுக்கு வந்த சிங்களம் கொஞ்சம்தான். பதற்றத்தில் அதுவும் போய்விட்டது. "விசிறி இல்லை, விசிறி இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். ஒரு பெண்ணின் கணவனைப் பற்றியும் சொன்னேன். அவர் எங்களைத் தூரத்தில் நிறுத்தினார். யோகண்ணன் உரக்கச் சொல்லிக்கொடுக்க, அவரே எட்டு ஆணிகளையும் கழற்றினார்.

மூடி திறந்ததும் யோகண்ணன் போர்டைப் பார்ப்பார், எங்காவது துரு ஏறியிருக்கிறதா என்று ஆராய்வார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவேயில்லை. நினைவட்டையை மட்டும் கழற்றி என் கையில் தந்தார்.

பெட்டியையும் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். அதில் குளிரின் அளவும் அழுத்தமும் இருந்தன. இன்னொரு வரிசையும் இருந்தது. பொத்தான் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு தடவையும் நாளும் நேரமும் பதிவாகியிருந்தன. எனக்கு அதுவரை தெரியாது. "ஒரு மனிசன் ஒரு மெசினை நம்புறதுக்கு எத்தனை நாள் எடுக்கும் எண்டு அறிய ஆசையா இருந்த" என்றார், களவு பிடிபட்டவர் மாதிரி. முதல் மாதம் நாளுக்கு முப்பது தரம். பிறகு பத்து. பிறகு காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

சனம் வெளிக்கிட்ட நாளுக்குப் பிறகும் அந்த ஒன்றும் ஒன்றும் தொடர்ந்தன. மின்சாரம் போய், குளிர் குறைந்து, மறுபடி ஏறியிருந்தது. ஜெனரேட்டரைப் போட்டு ஐஸ் உறைய வைத்திருக்கிறார். யாருக்கு, எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு பத்துக்கு ஒரு தரம். பின்னேரம் இல்லை. மின்சாரம் நின்றாலும் ஓடட்டும் என்று பிறகு நாங்கள் பூட்டியிருந்த லொறி பட்டரி தீரும்வரை பெட்டி இன்னும் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அதை யாரும் இருக்கிறாயா என்று கேட்கவில்லை.

யோகண்ணன் தன் கைக்கடிகாரத்தையும், உள்ளே சின்னப் பட்டரியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். பெட்டி நான்கு நிமிடம் முந்தி ஓடியிருந்தது. ஆறு பத்தை வெட்டி ஆறு ஆறு என்று எழுதினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அந்த நாலு நிமிசத்தால இப்ப என்ன? பன்னிரண்டாம் நாளைத் திதியெண்டு குடுங்க. மகேஸ்வரி ஆறுதலா இருக்கட்டும்" என்றேன்.

"ஆறு ஆறுக்கு அவர் இருந்தவர் மிஸ். அதுக்குப் பிறகு நடந்தது பெட்டிக்கும் தெரியா, எனக்கும் தெரியா. தெரியாததை நான் எப்படிக் குடுக்கிற?"

மகேஸ்வரியிடமும் அதையே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகேஸ்வரி தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போனார். நாங்கள் அழுகையை எதிர்பார்த்தோம். அவர் கத்தினார்.

"பதினொரு நாளா! நாளைக்கு வாறன் எண்டு செல்லிற்றுப் பதினொரு நாளா ஐஸுக்குக் காவல் நிண்ட நீங்க! என்னத்தச் சமைச்சுத் திண்ட? அரிசிப்பானை எங்க கிடக்கெண்டாவது தெரியுமா உங்களுக்கு!"

அவருக்கு முன்னால் வேலாயுதம் நிற்பதுபோலவே திட்டினார். திட்டி முடிந்த பிறகுதான் அழுதார். பிறகு மாமியாரைப் பார்த்து, "எங்களத் தேடி வந்து சாகல்ல மாமி. அவர் விரும்பித்தான் நிண்டிரிக்கார்" என்றார். குரல் தெளிந்திருந்தது.

அவர் திவசம் கொடுக்கவில்லை. ஆனால் வருடம்தோறும் அந்தப் பன்னிரண்டாம் நாளில் சோறும் மீன்குழம்பும் ஆக்கி எங்களைக் கூப்பிடுவார். திவசத்துக்கு மீனா என்று மாமியார் முதல் வருடம் முகம் சுளித்தார். "இது திவசமில்ல மாமி. அண்டைக்கு அவர் இருந்தவர்" என்றார் மகேஸ்வரி. வடக்கிலும் சண்டை முடிந்து, யோகண்ணனின் பெட்டிகள் எங்கெங்கோ போன பிறகும் அந்தச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு வருடமும் தவறவில்லை. முள்ளை ஒதுக்கி, இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மகேஸ்வரி இரண்டு பஸ் மாறி அமிர்தகழிக்கு வந்துவிட்டார். பந்தலில் எல்லோரும் யோகண்ணன் எத்தனை மணிக்குப் போனார், நித்திரையிலா, நெஞ்சு வலியா என்று அவருடைய மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தெரியாது, தெரியாது என்று சொல்லிக் களைத்துப்போனாள். மகேஸ்வரி அதைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்திருந்து, "மிஸ், உங்களோட எப்ப கடைசியாக் கதைச்சவர்?" என்று கேட்டார்.

சொன்னேன். யோகண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் அதுதான். வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு யோகண்ணன் என்னை அழைத்தார். ஏதோ ஒரு தண்ணீர்ப் பம்பியில் சுவிச்சுக்குள் மட்டும் எறும்பு கூடு கட்டுகிறதாம், பக்கத்துக் குழாய்க்குள் கட்டவில்லையாம். "எறும்புக்குக் கரண்ட் விளங்குமா மிஸ்?" என்று கேட்டார். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "பாருங்க, அவசரமில்ல" என்றார்.

நாலரை மணிக்கு அவர் இருந்தார். எறும்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.