வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பந்தயக் குழுவின் வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "அருள் அண்ணன் போய்ட்டாரு. ஹார்ட் அட்டாக்."

நான் நம்பவில்லை. இப்படி விளையாடுகிறவர்களும் குழுவில் உண்டு. அவருடைய எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து அழுதார். அப்போதும் இது யார் குரல் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

அருள்தாஸ் நாவலூர் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் வீடு. தினமும் பைக்கில் வருவார். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பிரபலமான துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த துப்பாக்கிகளைக் களைந்துவிட்டு, உள்ளே வண்டிப் பந்தயம் வைத்திருந்தார். ரசிகர்கள் செய்யும் இந்த மாதிரி மாற்றத்துக்கு மோட் என்று பெயர். சிப்பாய்கள் லுங்கி கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஓட்டினார்கள். பாதை, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை. சிற்பக்கூடங்கள், சாலையோரம் காயும் வலை, நடுவில் படுத்த மாடு, ஒன்றும் விடவில்லை. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"எதுக்குங்க சும்மா குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் நம்ம ரோட்ல ஓட்டணும் அண்ணாத்த. வேற இன்னா?"

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியங்களில் பந்தயம் விட்டோம். அவரே ஜெயித்தார். அதுகூடப் பரவாயில்லை. ஏரிக்கரை வளைவு தாண்டியதும், காலியான நேர்ச்சாலையில், முன்னால் போய்க்கொண்டிருக்கும் அவர் காரணமே இல்லாமல் வேகத்தைக் குறைப்பார். பிறகு எங்களை விட்டுப் பறப்பார். வாராவாரம் அதே இடம். அங்கே மெதுவாகப் போனால் வேகம் கூடும்படி ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். நேராகக் கேட்டேன்.

"தெர்ல அண்ணாத்த. அந்த எடம் வந்தா கை தானா எறங்கிக்குது."

இது ஒரு பதிலா? இரண்டு வாரம் அந்த இடத்தில் இருந்த ஒவ்வொரு சுவரிலும் வண்டியை மோதிப் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே என் சந்தேகத்தை வளர்த்தது. "அருள் கள்ள ஆட்டம் ஆடுகிறார்" என்று குழுவில் எழுதினேன். பாதிப் பேர் விலகினார்கள். அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "தேடிகினே இரு. கெடச்சா எனக்கும் சொல்லு" என்றார். அதன்பின் பந்தயத்துக்கு வரவேயில்லை. எதிரெதிர் மேசையில் எட்டு மாதம் பேசாமல் இருந்தோம்.

திங்கட்கிழமை அடக்கத்துக்குப் பொத்தேரியிலிருந்து பைக்கில் போனேன். திரையில் நூறு முறை ஓட்டிய சாலை, நேரில் அன்றுதான் முதல் முறை. ஏரிக்கரை வளைவு தாண்டியதும் நேர்ச்சாலை. வேகம் கூட்டினேன். வண்டி தூக்கிப் போட்டது. மாலை இருந்த பை தெறித்துச் சாலையில் விழுந்தது.

வேகத்தடை. தாரோடு தாராக, வெள்ளைக் கோடே இல்லாமல். பாதையை வரைய அவர் பார்த்த எந்தப் படத்திலும் தெரிந்திருக்காது. அவரும் மோடில் வைக்க மறந்திருக்கிறார். அவர் கை மட்டும் மறக்கவில்லை.

அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. இது புதிதாகப் போட்டதா என்று டீக்கடை அம்மாவிடம் விசாரித்தேன்.

"பத்து வர்சமா கீதுப்பா. தெனம் ஒருத்தன் உளுவான். அருளு ஒர்த்தர்தான் கரீட்டா ஸ்லோ பண்ணுவாரு. பாவம், இன்னிக்கு அவரையே எடுக்கறாங்க."

மண் ஒட்டிய மாலையைத்தான் அவருக்குப் போட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வெட்கத்தில் அழுதேன். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

விலகிப் போன நண்பர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அருள்தாஸ் ஏமாற்றவில்லை. அவர் நம்மைவிட நன்றாக ஓட்டினார், அவ்வளவுதான்.

நேற்று, குழுவில் மிஞ்சிய நாங்கள் மோடில் அந்த வேகத்தடையை வைத்தோம். கோடு போடவில்லை. அருள், கிடைத்துவிட்டது. சொல்லச் சொன்னீர்களே, சொல்கிறேன். போய் வாருங்கள்.