மில் நின்றதும் ஓடியவன்

பல்லேபொல ஊர் மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது, லண்டனிலிருந்து மனைவியின் தம்பி வீடியோ கால் எடுத்தான். அவன் நின்றது ஒரு மியூசியத்தில். இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மேல் விழுந்த பறக்கும் குண்டொன்றுக்குப் பெயிண்ட் அடித்து, கல்யாண வீட்டுச் சோடனை மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஆட்கள் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களைக் கொன்ற சாமானுக்குக் கீழே இளிப்பா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அத்தான், இது சத்தம் போடுற வரைக்கும் பயமில்லையாம். சத்தம் நின்னாத்தான் தலையில விழுமாம்!" என்று கத்தினான்.

"ஒங்கக்காவும் அப்படித்தான்டா!" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி முறைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தடதடத்த மில் சட்டென்று அடங்கியது. குண்டுதான் விழுகிறதென்று, மனைவியைத் தள்ளிவிட்டு, ஒற்றைச் செருப்போடு ரோட்டுக்கே பாய்ந்துவிட்டேன்.

மில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மிளகாய்த் தூளுக்குள் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்கவில்லை.

"ஓடுனதுதான் ஓடுனீங்க, என்னையும் இழுத்துக்கிட்டு ஓடியிருக்கலாமே?"

திரும்பி வந்து, கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டேன். குண்டின் கீழே பல்லைக் காட்டியவர்களைவிட நானே எனக்கு அருவருப்பாகத் தெரிந்தேன். லண்டனில் அந்தக் குண்டின் சத்தம் நிஜமாகவே நின்ற நாட்களில், எத்தனையோ பேர் பக்கத்தில் இருந்தவரின் கையைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள்.