போய்ச் சேர்ந்த பாடம்

கம்போங் பக்கம் போனால் உங்களை ஏன் "சிக்கு பிள்ளைங்க" என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவாகிய நான் ஒரு காலத்தில் அங்கே வாத்தியாராக இருந்ததுதான் காரணம். மலாயில் வாத்தியாரைச் சிக்கு என்பார்கள். நம் மொழியில் சிக்கு என்றால் தலைமுடியில் விழுகிற முடிச்சு. நான் எந்தச் சிக்கு என்பதை இதை முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. பார்த்த வேலை ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பது. சுதந்திரம் வந்த வருஷம் நானும் உங்கள் அம்மாவும் காஜா பேராங்கில், செட்டி கம்போங் என்ற குடியிருப்பை ஒட்டிய ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். பெரியவன் அப்போது கைக்குழந்தை.

செட்டிகள் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை. நம் தாத்தா கப்பல் ஏறுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, இந்த ஊராகவே ஆகிப்போனவர்கள். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி அறை, நெற்றியில் திருநீறு. ஆனால் பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும், வாயைத் திறந்தால் மலாய். முருகன் பேரை வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் "ஆப்பா காபார்?" என்று நலம் விசாரித்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. நாடே எழுந்து நிற்கிறது, இவர்கள் தங்கள் மொழியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்களே! நெஞ்சு பதறினால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான் மறுமலர்ச்சி உண்டாக்கக் கிளம்பினேன்.

கம்போங்கில் ஒரு கோயில், அதன் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடும்படி எல்லாரிடமும் சொன்னேன். வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் சொருகிக்கொண்டு போனேன். தமிழின் பழமை, தமிழின் இனிமை, பண்பாட்டை இழந்தவன் நிலை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் முன்வரிசையிலிருந்த பெரியவர் கையைத் தூக்கினார். அவர் கேட்டது மலாயில்தான். இனிமேல் அவர்கள் பேசியதை எல்லாம் உங்களுக்காக நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நல்லாப் பாடுனீங்க, சிக்கு. என்ன பாஷை அது?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

நான் விடவில்லை. வாராவாரம் வகுப்பு என்று அறிவித்தேன். முதல் வாரம் ஒன்பது பேர். மூன்றாவது வாரம் மூன்று பேர். அதில் ஒருவர் கொட்டகைக் காற்றுக்காகத் தூங்க வருபவர். இன்னொருத்தி, அவரை எழுப்பிக் கூட்டிப்போக வருகிற அவர் மனைவி. மூன்றாவதாக ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் கூவேப் பலகாரமும் செய்து விற்கிறவர். ஒரு வாரம்கூடத் தவறாமல் சிலேட்டோடு வந்து முன்னால் உட்காருவார். என் பேச்சு இந்த ஓர் உள்ளத்திலாவது தீயை மூட்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் நான் திருத்தாத பொருள் கிடையாது. போகிக்கு முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைக்கிறார்களே, அதை அவர்கள் "பார்ச்சு" என்பார்கள். நான் சிவப்புப் பென்சிலை ஆட்டிக்கொண்டு சொன்னேன்:

"பார்ச்சு இல்ல அக்கா, படையல். ப-டை-யல்."

"எங்க செத்தவங்களுக்குப் பார்ச்சுன்னாத்தான் தெரியும், சிக்கு. நீங்க வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா, பக்கத்து வீட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சி வராம இருந்துடுவாங்க."

"அது சரி. யார் யாருக்கெல்லாம் இலை போடுவீங்க?"

அக்கா விரல் விட்டு எண்ணாமல், மூச்சு விடாமல், ஏழு தலைமுறைப் பேர்களைச் சொன்னார். யாருக்கு எந்தக் கறி பிடிக்கும், யாருக்கு உறைப்பு ஆகாது என்பது உட்பட. பிறகு, "உங்க வீட்டுல எத்தன இலை, சிக்கு?" என்றார். நான் தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து என் அப்பாவுக்கே ஓர் இலை போட்டதில்லை. அப்பாவின் தாத்தா பேர் எனக்குத் தெரியாது. "இன்னைக்குப் பாடம் உயிர்மெய் எழுத்து" என்று பேச்சை மாற்றினேன்.

அக்காவின் புருஷனைப் பற்றி உங்கள் அம்மாதான் எனக்குச் சொன்னாள். பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வது முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் கிடைக்காது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அதில் அவரும் போனார். திரும்பவில்லை. இருக்கிறார் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை. கம்போங்கில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை. உயிரோடு இருப்பவருக்கு இலை போட்டால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதனால் ஒவ்வொரு பார்ச்சிலும் அக்கா இலை வரிசையின் கடைசியில் ஓர் இலை அளவு இடத்தைக் காலியாக விட்டுவைப்பார். இலையும் போட மாட்டார், அந்த இடத்தை மூடவும் மாட்டார்.

"இந்தப் போகிக்கு இலை போட்டுடலாமான்னு யோசிக்கிறாங்க. மனசு வரலையாம்" என்றாள் அம்மா.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் வினைச்சொற்கள் பாடம். போ என்றால் பெர்கி. சேர் என்றால் சம்பாய். இரண்டையும் இணைத்துக் கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டு எழுதினேன்: ரயில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் பஸ் இருக்கிறது, படகு இருக்கிறது, மாட்டுவண்டி இருக்கிறது. எனக்கு ரயில்தான் கிடைத்தது. அக்கா அதைச் சிலேட்டில் நாலு தரம் எழுதினார்.

அடுத்த வாரம் அவர் சிலேட்டோடு ஒரு வெற்றிலைப் பெட்டியும் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு தபால் அட்டை. சண்டை முடிந்த புதிதில் வந்ததாம். கம்போங்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை.

"பத்து வருஷத்துக்கு மேல வச்சிருக்கீங்களே! எங்க கடைக்கு எடுத்துட்டு வந்திருந்தா யாராவது படிச்சிருப்பாங்களே, அக்கா?"

"ரெண்டு வாட்டி கடை வாசல் வரைக்கும் வந்தேன், சிக்கு. வேற ஆள் படிச்சா அது அவங்க வாயில வர்ற சேதி. என் வீட்டு சேதிய நானே என் கண்ணால படிக்கணும். அதுக்குத்தானே இங்க வந்து உக்கார்றேன்."

நான் மூட்டிய தீயின் யோக்கியதை அன்றுதான் தெரிந்தது.

அட்டை ஈரத்தில் ஊறி, மை பாதி போயிருந்தது. கடைசியில் எழுதியவர் பேரும் அவருடைய தோட்டத்துப் பேரும் தெரிந்தன. நடுவில் மூன்று வரி தேறியது. அக்கா விரலை வைத்து, எழுத்துக்கு ஒரு மூச்சாகப் படித்தார்.

"நல்...ல ம...னி...தர். ஒரே கொட்...டகை. மழை..." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் முழுக்க வெளிச்சம். "போய்ச்... சேர்ந்தார். பெர்கி, சம்பாய். சுடா சம்பாய், சேந்தாச்சு! சிக்கு, அவர் போய்ச் சேந்துட்டார்! எங்கயோ போய்ச் சேந்திருக்கார்! சரியாப் படிச்சேனா?"

தூங்குகிறவர்கூட விழித்துக்கொண்டார். என் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. பார்ச்சு என்ற சொல்லுக்கெல்லாம் பாய்ந்து வந்த பென்சில் அது.

"வார்த்தைக்கு வார்த்தை சரி, அக்கா" என்றேன்.

பொய் இல்லை. நான் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளிலேயே கோழைத்தனமான உண்மை அது.

அக்கா அன்றே கம்போங் முழுக்கச் சொல்லிவிட்டார், இந்தப் போகிக்கும் இலை கிடையாது, ஆள் வருவார் என்று. மறுநாள் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். "நல்ல கைலியா எடுங்க, சிக்கு. நீலக் கட்டம் அவருக்குப் பிடிக்கும்." நான் நாலு கைலி எடுத்துப் போட்டேன். பிரித்துக் காட்டினேன். சாயம் போகாது என்று உறுதிகூடச் சொன்னேன். உண்மையைச் சொல்லத் துணிவில்லாதவன், சாயத்துக்கு உத்தரவாதம் கொடுக்கிறேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை.

"அவங்க இன்னொரு பத்து வருஷம் வாசலப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அதுக்கா பள்ளிக்கூடம் வச்சீங்க?"

"நீ கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லேன். பொம்பளைக்குப் பொம்பளை..."

"வார்த்தைய சொல்லிக்குடுத்தது நீங்க. போயி நீங்களே திருப்பி வாங்கிட்டு வாங்க."

போகிக்கு மூன்று நாள் இருந்தது. போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் இலக்கணத்தில் ஆரம்பித்தேன். வேறு எதில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, நம்ம பாஷையில சில வார்த்தை தனியா நின்னா ஒரு அர்த்தம், ரெண்டு சேர்ந்து நின்னா இன்னொரு அர்த்தம். ரயிலு போய்ச் சேர்ந்துச்சுன்னா ஸ்டேஷனுக்கு வந்துடுச்சின்னு அர்த்தம். ஊர் பேரு சொல்லாம, ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்தார்னு எழுதினா..."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கோழி ஒன்று வந்து துருவலைக் கொத்தியது. அதை விரட்டுவதற்குக்கூட இரண்டு பேரும் கை தூக்கவில்லை.

"ரெண்டு வார்த்தையும் நீங்க சொல்லிக்குடுத்ததுதானே, சிக்கு?"

"ஆமா அக்கா."

"அன்னைக்கே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"கைலி எடுத்துப் போடும்போதும் தெரியும்."

தலையை ஆட்டினேன். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரொம்ப மரியாதையான பாஷை உங்களது. செத்துட்டார்னு ஒரு வார்த்தை எழுத மாட்டேங்குது" என்றார். கண் நிறைந்திருந்தது. முந்தானை இல்லாத கெபாயா. புறங்கையால் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த துருவல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு கேட்டார்:

"எங்க போய்ச் சேந்தார்னு எழுதியிருக்கா?"

"இல்ல அக்கா. அது எழுதல."

"அப்ப இங்கதான் இன்னும் வந்து சேரல" என்று எழுந்தார். "போகி அன்னைக்கு உங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்க. இலை நறுக்க ஆள் வேணும்."

போகியன்று மதியம் போனோம். ஒரு பண்பாட்டு மறுமலர்ச்சிக்கு நான் நேரடியாகச் செய்த தொண்டு, வாழையிலை நறுக்கியது. அதிலும் நாலு இலையை நுனி பக்கம் வெட்டிவிட்டேன். உங்கள் அம்மா அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்து ஒதுக்கிவைத்தாள்.

கூடத்தில் இலைகள் வரிசையாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், பேருக்கு ஏற்ற கறி. கடைசியில் அந்தக் காலி இடம். அக்கா அங்கே முட்டி போட்டு உட்கார்ந்து, இலையைத் துடைத்து விரித்தார். நாசி லெமாக், மிளகாய்ச் சம்பல், ஒரு முழு மீன்தலை, கடுங்காப்பி. பக்கத்தில் அந்த நீலக் கட்டக் கைலியை மடித்து வைத்தார். சாம்பிராணி போட்டு, தீபம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமாம்.

வெளியே நின்றோம். அக்கா சாத்திய கதவில் கையை வைத்துக்கொண்டு, மெல்ல, "சுடா சம்பாய்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க முதல்ல சொல்லிக்குடுத்த அர்த்தமே இருக்கட்டும், சிக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார். உங்கள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

மாலைக்குள், சயாமுக்கு ஆள் போன மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் வந்து, மிச்ச இலை இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் தப்பாக நறுக்கிய நாலில் இரண்டு அங்கே போயின. பார்க்க எப்படி இருந்தாலும் இலைதானே என்றார்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்பை மூடிவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அக்கா சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"படிக்க வேண்டியத படிச்சிட்டீங்களே, அக்கா. இன்னும் என்ன?"

"பதில் எழுத வேணாமா? பாவம், சேதி சொன்ன மனுஷன் பத்து வருஷமா காத்துக்கிட்டு இருப்பாரே."

ஒன்றரை மணி நேரம் எழுதினார். ஒரு சொல்லும் என்னிடம் கேட்கவில்லை. எழுதி முடித்து அட்டையை நீட்டினார். மூன்றே வரி.

*உங்கள் கடுதாசி படித்தேன். அவர் வீட்டுக்கு வந்தார். சப்பிட்டார்.*

என் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்விட்டது. சாவுக்குக் கால் விட்டுப்போயிருக்கிறது. சாப்பிட்டார் என்று இருக்க வேண்டும். பென்சிலைப் பாதி உருவியபோது அந்த மீன்தலை ஞாபகம் வந்தது. மீன்தலையைச் சப்பாமல் யார் சாப்பிடுவார்கள்?

"சரியா, சிக்கு?"

"சரி, அக்கா" என்றேன். இந்தத் தரம் முழு மனதோடு சொன்னேன். அட்டையை நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை. அது போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.