முகாமில் அண்ணனுக்கு என்ன செய்தார்கள்

ராணுவம் காலி செய்துவிட்டுப் போன முகாமைப் பற்றி எது தெரிய வேண்டுமானாலும் ஊரில் எல்லோரும் அந்த முடிதிருத்தும் கடைக்குத்தான் போவார்கள். கடைக்காரருக்கு 'ரகசியம்' என்றே பட்டப்பெயர். கழுத்தில் துணியைக் கட்டியதுமே ஆரம்பித்துவிடுவார். தரைக்கடியில் ஆய்வுக்கூடமாம். மனிதர்கள் மேல் ஏதோ அலையைப் பாய்ச்சிப் பார்த்தார்களாம். தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஆனால் அவர் சும்மா அளக்கிற ஆள் இல்லை. அவருடைய அண்ணன் அந்த முகாமில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஓயாமல் பேசிச் சிரித்த மனிதர், ஒருநாள் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தவர் அப்படியே அடங்கிப்போனார். சுவரைப் பார்த்து முணுமுணுப்பார். விளக்கைப் போட்டால் அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். கொஞ்ச நாளில் முகாமையும் மூடினார்கள். தம்பி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். அண்ணனைக் கெடுத்தவர்களைச் சந்திக்கு இழுக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

வீடியோ எடுத்துப் போடுகிற ஒருவர் முடிவெட்ட வந்தார். "உங்க அண்ணனை ஒரு தடவை கேமரா முன்னாடி உட்கார வச்சா போதும். மத்தத ஜனங்க பார்த்துப்பாங்க" என்றார். கடைக்காரர் உடனே கடையைப் பூட்டிவிட்டு அவரை அண்ணன் வீட்டுக்கே கூட்டிப்போனார்.

கேமராவைக் கண்டதும் அண்ணன் கட்டிலுக்குப் பின்னால் போய் ஒடுங்கினார். அண்ணி வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, முகாம்ல யாரும் அவரை ஒண்ணும் பண்ணல. அந்த வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே இது ஒரு தடவை வந்துது. மாத்திரையில சரியாச்சு. அப்புறம் அவரா நிறுத்திட்டார்."

"எனக்கு ஏன் அண்ணி சொல்லல?"

"அப்ப உங்களுக்குப் பொண்ணு பார்த்துட்டு இருந்தோம். தம்பிகிட்ட மூச்சு விடாதேன்னு அவர்தான் சத்தியம் வாங்கினார்."

"சரி, நான் ஊரெல்லாம் கத்திட்டு இருந்தேனே, அப்பவாவது..."

"நீங்க சொன்னது எங்களுக்கும் வசதியா இருந்துச்சு. பைத்தியம்னு சொல்லியிருக்க வேண்டிய வாயெல்லாம் பாவம்னு சொல்லுச்சு."

தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. எதிரி என்று ஒருவன் இருந்தவரை சண்டை போடவாவது இடம் இருந்தது. கட்டிலோரம் தரையில் போய் உட்கார்ந்தார்.

"அந்த ஆள் போயிட்டாருண்ணே. இனிமே யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன்."

வெகுநேரம் கழித்து அண்ணனின் கை வெளியே வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

டாக்டரிடம் வரமாட்டேன் என்று அண்ணியிடம் முரண்டு பிடித்தவர், தம்பி கூப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாத்திரை மெல்ல மெல்லத்தான் வேலை செய்தது. ஆனாலும் ஒரு மாலை, "காபில சக்கரையே இல்ல" என்று அண்ணியிடம் அவர் சிடுசிடுத்தபோது, அண்ணி அடுப்படியில் போய் நின்று அழுதார்.

கடையில் இப்போது முகாம் பேச்சு கிடையாது. யாராவது கிளறினால், "அங்க ஒண்ணும் இல்லப்பா, தலையைக் குனி" என்பதோடு சரி. ஆளை மேலிடத்தில் மிரட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசிக்கொள்கிறது.