தட்டு இறங்கும் பெபிஷா

புதுக்கடைச் சந்திப்பில் நிறுத்தியிருக்கும் எந்த இருசக்கர வண்டியையும் பெபிஷா சும்மா கடந்து போவதில்லை. இருக்கையின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து; கையை எடுத்ததும் அது எழும்பி வருவதை ஓரக்கண்ணால் ஒரு பார்வை. டீக்கடையிலிருந்து வண்டிக்காரர் ஓடி வந்தால், "பொறத்த ஷாக்குல எண்ணெ போயாச்சு அண்ணே. தொட்டில் மாதிரி ஆடுது, பாத்தியளா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். பாதிப் பேர் திட்டுவார்கள். மீதிப் பேர் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போவார்கள்.

முப்பதைத் தாண்டியவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுப்பது வேலை. வீடு இனயம் கடற்கரையில். கடல்காற்று கொஞ்சம் பலமாக வீசினால் கூடவே போய்விடுவார் என்று நினைக்கவைக்கும் உடம்பு. குரல் மட்டும் மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். நானும் அவரிடம் படித்தவள்தான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "ஏட்டி, வண்டி ஒன்ன கடிக்கவா போவுது? கைய விடு மக்கா, அது தன்னால போவும்" என்றார். போனது, நேராகப் பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள். அதற்கும் அவர்தான் முதலில் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஆள் மலைப்பக்கம் போய்விடுவார். சொந்தமாக மலைச் சைக்கிள் இருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் டைட்டஸ் வெளிநாட்டிலிருந்து தனக்காகக் கொண்டுவந்தது. விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்பும்போது தங்கையிடம் விட்டுப் போனார். முன்சக்கரத்துக்கு மட்டுமல்ல, பின்சக்கரத்துக்கும் அதில் தனி ஷாக் உண்டு. சட்டத்தின் நடுவே, இருக்கைக்குக் கீழே, காற்றடைத்த ஒரு குழாய். கல்லில் மோதும்போது பின்சக்கரம் மேலே மடங்க வேண்டும், தாண்டியதும் இறங்கி மண்ணைப் பிடிக்க வேண்டும். டைட்டஸ் ஆனை மாதிரி ஆள். அவர் எடைக்கு அடைத்த காற்று அப்படியே இருந்தது. பெபிஷா அதைக் கவனிக்கவில்லை.

2012இல் களியல் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மலைச் சைக்கிள் போட்டி வைத்தார்கள். ரப்பர் நடுவதற்காகச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தத் தட்டுகளில் நேரே கீழே இறங்க வேண்டும். பெண்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது. பெபிஷா ஆண்களோடு பெயர் கொடுத்தார். பாதி மலைகூட இறங்கவில்லை, பின்சக்கரம் கழுதைபோல உதைத்து அவரைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. அவரைத் தாங்கி ஜீப்பில் ஏற்றியவன் அந்த ஆண்டு முதலில் வந்த விபின். நல்ல பையன். ஆறுதலாகத்தான் சொன்னான்: "அக்கா, ஒங்களுக்கு வெயிட்டு காணாது. இது ஆம்பளயளுக்க வண்டி." எலும்பு வலியைவிட அந்த ஆறுதல்தான் அதிகம் வலித்தது என்று பெபிஷா பிறகு சொன்னார்.

அம்மா செசிலி சந்தையில் மீன் விற்பவர். மகள் கட்டுப் போட்ட தோளோடு வந்து நின்றதும், "அந்தச் சவத்த வித்துத் தொலை" என்று கத்தினார்.

"சவத்துமேல ஒரு தப்பும் இல்லம்மா. அது இப்பவும் அண்ணன சுமந்துட்டு இருக்கோம்னு நெனச்சிட்டிருக்கு."

"அடுத்த வருசமும் விழுந்தா?"

"விழுந்தா நீங்களே வித்துருங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்."

எலும்பு கூடியதும் வேலை தொடங்கியது. ஹெல்மெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு பெபிஷா சைக்கிளில் ஏறி உட்காருவார். விற்கச் சொன்ன அதே செசிலி, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடிப்பார். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் கிடக்கும். ஆள் உட்கார்ந்ததும் அது தண்டில் கால்வாசி நகர்ந்தால்தான் காற்று சரி. டைட்டஸின் காற்றுக்கு அது நகம் அளவுகூட அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். செசிலி குனிந்து பார்த்துச் சொல்லுவார்: "அனங்கல்ல... இப்ப லேசா அனங்கிச்சு... ஏட்டி, போதும், ரொம்ப எறங்கியாச்சு!" மறுபடி பம்ப் பிடித்து ஏற்றுவார்கள். அமுங்கும் அளவு சரியாக வந்தது.

அடுத்தது ஒரு சிவப்புத் திருகு. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது அது. உதை வாங்கிய பயத்தில் பெபிஷா அதை முழுக்க இறுக்கிவிட்டார். இனி எழும்பவே யோசிக்கும், பிறகு எங்கே உதைக்க? மலைக்குப் போய் இறங்கிப் பார்த்தார். முதல் தட்டு பஞ்சு மாதிரி. அடுத்தது பரவாயில்லை. அதற்கும் கீழே போகப் போக அடிக்கு அடி இடுப்பில் இடித்தது. பலகையில் உட்கார்ந்து உருளுவதுபோல இருந்தது. நிறுத்திப் பார்த்தால் ரப்பர் வளையம் தண்டின் கடைசியில் போய் நின்றது. ஷாக்கை முழுக்க அமுக்கும் அளவுக்கு ஒரு தட்டுகூட உயரமில்லை.

ரப்பர் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருக்கையை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தாராம். பிறகுதான் புரிந்தது. ஒரு தட்டில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த தட்டு வந்துவிடுகிறது. நிமிராமலே அமுங்கி, அமுங்கி, கடைசியில் அமுங்க இடமே இல்லை. "மூச்செடுக்க முன்ன அடுத்த அடி விழுது மக்கா. நான் பயந்து அதுக்க கழுத்தப் புடிச்சிட்டேன். அது என்ன செய்யும்?" என்றார் என்னிடம்.

தன்னைத் தூக்கி எறிந்த அந்த வேகத்தை இனி அவரே கையால் திறந்துவிட வேண்டும். அதுதான் கடினமாக இருந்தது. சிவப்புத் திருகை ஒரு கிளிக் திறப்பார், அதே தட்டுகளில் இறங்குவார், இன்னொரு கிளிக் திறப்பார். கீழே செசிலி ஜெபமாலையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பல ஞாயிறுகள் இப்படியே போயின. ஒருநாள் பெபிஷா கீழே வந்து நின்று, அம்மாவைக் கட்டிக்கொண்டார். செசிலி பதறி, "எங்கட்டி அடிபட்டுது?" என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். எங்கும் அடிபடவில்லை.

மறு ஆண்டுப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். ரப்பர் இலை உதிரும் காலம். சரிவு முழுக்கச் சருகு. ஒவ்வொருவராக இறங்கினார்கள். விபின் இறங்கியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது; அதுவரை அவன்தான் எல்லாரிலும் வேகம். கடைசியாக பெபிஷா. மைக் பிடித்திருந்த கிருஷ்ணமணி, "போன வருசம் பறந்து காட்டின டீச்சர் வருகினும், ஜீப்ப ரெடியா வச்சுக்கிடுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. செசிலி என் கையை நசுக்கிப் பிடித்தார்.

மற்றவர்களின் சக்கரங்கள் தட்டுக்குத் தட்டு தடதடவென்று துள்ளி விழுந்தன. பெபிஷாவின் பின்சக்கரம் மண்ணை விடவே இல்லை. அமுங்கியது, நிமிர்ந்தது, மறுபடி அமுங்கியது; மேலே அந்த மெலிந்த உடம்பு அலையில் போகும் வள்ளம்போல வந்தது. போன ஆண்டு விழுந்த இடத்தில் அவர் பிரேக்கைத் தொடவில்லை. சிரித்த கூட்டம் முண்டியடித்து முன்னால் வந்தது. பிறகு ஒரே கூச்சல். கிருஷ்ணமணி நேரத்தைப் படித்துவிட்டு, நம்பாமல் இன்னொருமுறை படித்தார். "மக்களே, டீச்சராக்கும் பஸ்ட்டு! டீச்சராக்கும்!" என்று மைக் அலறியது.

விபின் ஓடி வந்தான். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கொள்ளாம்! அசலாயிட்டு கொள்ளாம்!" செசிலி முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினார்: "எனக்க மோளாக்கும்! அது எனக்க மோளாக்கும்!"

மேடையில் கோப்பையை எடுத்து வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பெபிஷாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சருகில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கப்பு தாறதுக்கு விளிக்காவ!" என்று செசிலி கூவினார்.

"நீங்க வேங்குங்கம்மா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பெபிஷா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை உந்தி, சைக்கிளை அடுத்த தட்டுக்குத் தூக்கி வைத்தார்.