இரண்டு கிருமியும் இருந்த இரத்தம்

வவுனியா பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த தர்மிளா, 2003இல் தன் இறுதியாண்டு ஆய்வுக்கு மலேரியாவை எடுத்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. அந்தக் குடியேற்றத்தில் மலேரியா படியேறாத வீடு இல்லை. அண்ணன் சஜீவன் அதில்தான் செத்தான். அவனுடைய இரத்தத்தில் இரண்டு வகைக் கிருமி இருந்தது. சாதாரண வகையைக் கண்டு அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். உயிரெடுக்கும் வகை உள்ளேயே இருந்துவிட்டது.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைசெய்த விமலேஸ்வரி, முன்பே வகை குறித்துவைத்த, இரத்தம் பூசிய பழைய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுக்க உதவினார். நான்கு வகைப் படங்கள்: கிருமி இல்லாதவை, சாதாரண வகை, உயிரெடுக்கும் வகை, இரண்டும் கலந்தவை. கலந்தவை மிகக் குறைவு.

படத்தைப் பார்த்து எந்த வகை என்று கணினியே சொல்லவேண்டும். அதற்குத் தர்மிளா எடுத்த முறை சப்போர்ட் வெக்டர் மெஷின். அது இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கோடு கீறும். மூன்றாவது கூட்டம் அதற்குத் தெரியாது. ஆகவே வகைக்கொரு கோடாகப் பழக்கவேண்டும். அந்த வகை ஒரு பக்கம், மிச்சமெல்லாம் மறுபக்கம். மேற்பார்வையாளர் இளையதம்பி அப்படித்தான் செய்யச் சொன்னார். செய்தாள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வந்தது. அவருக்குச் சந்தோஷம்.

தர்மிளா கலந்த படங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாள். அநேகமாக எல்லாமே பிழை. காரணம் பிடிபட ஒரு கிழமை சென்றது. சாதாரண வகையைப் பழக்கும்போது கலந்த படங்கள் 'மிச்சம்' என்ற பக்கத்துக்குப் போயிருந்தன. கிருமி கண்ணுக்கு முன்னால் இருக்க, இல்லை என்று அவளே கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். உயிரெடுக்கும் வகைக்கும் அதே கதி.

"கொஞ்சப் படம்தானே. அதுகளை விலக்கிப்போட்டு எழுதும். உமக்கு முதல் வகுப்பு வரும்," என்றார் இளையதம்பி.

"விலக்கமாட்டன், சேர்."

கலந்த படங்களை இரண்டு வகைக்கும் உரியவையாக வைத்துத் திரும்பப் பழக்கினாள். இரண்டு கோடும் 'ஓம், இருக்கு' என்றால் கலப்பு. ஒரே படம் இரண்டு வகையில் இருப்பது முரண்பாடு, கணினி எந்த வகைக்குக் கூடப் புள்ளி தருகிறதோ அதைத்தான் எடுக்கவேண்டும் என்று இளையதம்பி வாதாடினார்.

"முரண் இல்லை, சேர். ரெண்டும்தான் இருக்கு. ஒண்டைத் தெரிஞ்சா மற்றதுக்கு மருந்து குடுக்கமாட்டினம்."

இந்த முறை கலந்த படங்களில் பெரும்பாலானவை அகப்பட்டன. ஆனால் ஒரே வகை இருந்த சில படங்களையும் கணினி கலப்பு என்றது. மொத்தத்தில் சரியாக வந்த விகிதம் இறங்கியது. அந்தப் பிழைகளையும் அவள் மறைக்காமல் எழுதினாள்.

ஆய்வுக்கான நேர்முகத் தேர்வில் மூன்று பரீட்சகர்கள் இருந்தார்கள். பழைய முடிவைப் போட்டுத் திருத்திக் கொண்டுவந்தால் நல்ல புள்ளி தருவதாகச் சொன்னார்கள். தர்மிளா தன் ஆய்வறிக்கையை மூடி மேசையில் வைத்தாள்.

"அது பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு நான் கையெழுத்து வைக்கேலாது. இதுக்கு என்ன புள்ளி வருமோ, அதைப் போடுங்கோ."

போட்டார்கள். முதல் வகுப்பு போயிற்று. இளையதம்பி அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

முதல் வகுப்பென்றால் வளாகத்திலேயே வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த அம்மா சுப்பம்மா இரண்டு நாள் முகங்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய இரண்டு மண்வெட்டிகளை எடுத்துவந்து ஒன்றை மகளிடம் நீட்டினாள். மிளகாய்க் கன்றுகளுக்கு மண் அணைக்க இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். அடுத்த மாதம் மாங்குளத்தில் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலையில் தர்மிளா சேர்ந்தாள்.